சால்வை அக்காவுக்கு வயது முப்பத்தைந்து

எங்கள் ஆபீசில் ஜோசியர் என்று ஒருவர் இருந்தார். ஜாதகம் பார்க்கிறவர் இல்லை. ஆளின் கழுத்தைப் பார்த்து வயதைச் சொல்லுவார். அதற்குத்தான் சம்பளம். எனக்கும் அதற்குத்தான் சம்பளம், ஆனால் எனக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு நான் பேசியதில்லை.

வேலை இதுதான். வீடியோ போடுகிற, கண்டவனோடு அரட்டை அடிக்கிற ஆப் எதற்குள்ளும் பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் நுழையக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. உள்ளே வர வேண்டுமானால் போன் கேமராவுக்கு முகத்தைக் காட்ட வேண்டும். முதலில் மெஷின் பார்க்கும். மெஷினுக்குப் புத்தி கொஞ்சம் மட்டு. மீசை இருந்தால் மாமா, இல்லாவிட்டால் பாப்பா. மொழுமொழுவென்று ஷேவ் செய்த ஒரு வழுக்கைத்தலை ஆசாமியை, பேரன் பேத்தி எடுத்த மனுஷனை, சின்னப்பிள்ளை என்று சொல்லித் தள்ளிவிட்டது. இப்படி மெஷின் குழம்பின கேஸெல்லாம் எங்களிடம் வரும். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, திரையில் தெரிகிற வரியைப் படி என்று மெஷின் சொல்ல, அவர்கள் செய்கிற சின்ன கிளிப் ஒன்று ஓடும். பெரியவர் என்றால் நாங்கள் பச்சை அழுத்த வேண்டும், பிள்ளை என்றால் சிவப்பு. வரியை அவரவர் மொழியில் படிப்பதால் கிளிப்பையும் மொழிவாரியாகப் பிரித்து அனுப்புவார்கள். எங்கள் மொழிக்கு ஜோசியரும் நானும்தான்.

ஆள் யாரென்று எங்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். அதனால் கண்ணை மறைத்து ஒரு சாம்பல் பட்டை ஓடும். பின்னால் இருக்கிற வீட்டைக் கலக்கி விட்டிருப்பார்கள். குரலை அரைத்து மாவாக்கியிருப்பார்கள். எல்லாரும் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரிதான் கேட்கும். மிச்சம் இருப்பது வாய், தாடை, கழுத்து, கை. இதை வைத்துக்கொண்டு மனுஷனின் வயதைச் சொல்ல வேண்டும்.

கண்மையால் மீசை வரைந்துகொண்டு வருகிற பையன்கள் தினமும் உண்டு. ஒரு பிள்ளை, தூங்குகிற அப்பாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் திருப்பியது. படிக்க வேண்டிய வரிக்குப் பதிலாக அப்பா குறட்டை விட்டார். நான் பச்சை அழுத்தப் போனேன். ஜோசியர் என் கையைத் தட்டிவிட்டார்.

"அப்பனுக்கு வயசு ஆயிடுச்சு தம்பி, ஒத்துக்கறேன். ஆனா கேட்டது அவன் இல்லையே."

ஜோசியருக்கு நாற்பத்தி நாலு வயது. நானும் அவரும் ஒரே அறையில்தான் தங்கியிருந்தோம். ஊரில் மனைவியும் ஒரு மகளும். மகளைப் பாப்பா என்பார். பாப்பா முன்பல் விழுந்து கிடந்த காலத்தில் கிளம்பி வந்தவர். அந்தப் பொக்கை வாய்ப் படம்தான் இன்னும் அவர் போன் திறந்தால் முதலில் தெரியும். இப்போது அவளுக்குப் பதின்மூன்று. ஒவ்வொரு ஞாயிறு காலையும் வீட்டுக்குப் பேசுவார். அவர் போனில் காதுப்பக்கம் வேலை செய்யாது, ஸ்பீக்கர்தான். அதனால் அவர் குடும்பம் எனக்கும் பாதி சொந்தம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை பேச ஆள் கிடையாது. நான் துணி மடிக்கிற மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ரொம்ப நாள் வரைக்கும் அந்தப் பேச்சில் ஒன்றும் இருக்காது. மனைவி தண்ணீர்க் குழாய், கரண்ட், அண்டை வீட்டுச் சண்டை என்று முழு அறிக்கை வாசிப்பார். பிறகு பாப்பா வருவாள். "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், படிக்கிறேன்." இவர் கேள்வியே கேட்டிருக்க மாட்டார். மூன்று பதிலையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு ஓடிவிடுவாள். வீடியோவில் வாடா என்றால் நெட் இழுக்குதுப்பா என்பாள். இவர் போனை வைத்துவிட்டு, புள்ளைக்குப் படிப்பு நிறைய போல என்று என்னிடம் சொல்லுவார். நான் ஆமாம் என்பேன். வேறென்ன சொல்ல.

இந்த வேலைக்கு மாறினதும் எல்லாம் தலைகீழானது. வயது பார்க்கிற வேலை என்று சொன்னதும் பாப்பா ஓடவில்லை. எப்படிப்பா பார்ப்பீங்க என்று கேட்டாள். அவ்வளவுதான், பனியனோடு கட்டிலில் சாய்ந்து கிடந்த மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார். அடுத்த ஞாயிறும் எடுத்தார். பாப்பா சந்தேகம் வேறு கேட்டாள். அதைக் கேட்கிறபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பெண்ணுக்குக் கலெக்டர் வேலை கிடைத்த மாதிரி.

அவர் சொல்லிக்கொடுத்தது எனக்கு இன்னும் மனப்பாடம். முகத்தில் பவுடரைப் பூசிவிடலாம், கழுத்தைத்தான் பிள்ளைகள் மறந்துவிடும். பிள்ளைகள் திரையில் தெரிகிற தங்கள் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருக்கும். பெரியவர்களுக்குத் தன் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்காது, வேறெங்காவது பார்ப்பார்கள். இடது பக்கம் திரும்பு என்றால் பிள்ளை சடக்கென்று இடது பக்கம் திரும்பும். பெரிய ஆள் முதலில் வலது பக்கம் திரும்புவார், பிறகு தப்பு என்று தெரிந்து, பெருமூச்சு விட்டு, கழுத்து வலிக்கிற மாதிரி மெதுவாக இந்தப் பக்கம் வருவார். வரியைப் படிக்கிறபோது பிள்ளை ஒப்பிக்கும். பெரியவர் யாருக்கோ கடன்பட்ட மாதிரி முனகுவார்.

"அப்ப பெரியவங்கன்னா எல்லாத்தையும் தப்பா செய்றவங்களாப்பா?" என்று பாப்பா கேட்டாள்.

ஜோசியருக்குப் பெருமை தாங்கவில்லை. பாத்தியா தம்பி, எவ்வளவு சுருக்கமா பிடிச்சுட்டா என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் அந்த கிளிப் வந்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அவர் நாற்காலியைத் திருப்பி, இங்க வா தம்பி, பாடம் நடத்துறேன் என்று கூப்பிட்டார். திரையில் ஒரு பெண். கண்ணுக்குப் பட்டை. கழுத்தைச் சுற்றிக் கடுகு நிறத்தில் குஞ்சம் வைத்த சால்வை. இடது பக்கம் திரும்பு என்றதும் வலது பக்கம் திரும்பினார். நின்றார். பெருமூச்சு விட்டார். தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே மெதுவாக இடது பக்கம் வந்தார். படிக்கிறபோது சலித்துக்கொண்டே படித்தார். நடுவில் நிறுத்திவிட்டு, யாரையோ அதட்டுகிற மாதிரி, அடுப்பைப் பாரு என்றார்.

கழுத்தே தெரியவில்லையே அண்ணே என்றேன்.

"கழுத்து எதுக்கு? சால்வையப் பாரு. இதே சால்வைதான் நான் என் வீட்டுக்காரிக்கு வாங்கி அனுப்புனேன். சின்னப் புள்ள எவளாவது இந்தக் கலரைச் சுத்துவாளா? முப்பத்தஞ்சு. ரெண்டு புள்ள. இடுப்பு வலி."

பச்சையை அழுத்தினார். அழுத்திவிட்டு, பாவம், அடுப்புல என்ன கருகுதோ என்று வருத்தப்பட்டார்.

அடுத்த ஞாயிறு பாப்பா வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு மனைவிதான் போனை எடுத்தார். எடுத்த எடுப்பில் ஸ்பீக்கர் அதிர்ந்தது. பாப்பா அப்படி ஒரு வீடியோ ஆப்புக்குள் போய்விட்டாளாம். போனை எதற்கோ வாங்கிப் பார்த்தபோது மாட்டிக்கொண்டாளாம். வகுப்பில் எல்லாரும் உள்ளே இருக்கிறார்களாம், இவள் மட்டும் வெளியே நிற்க முடியாதாம். மகளைத் திட்டி முடித்துவிட்டு, மனைவி வேறு ஒருவரைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ளைய விடுங்க. அங்க உக்காந்து வயசு பாக்குறானே ஒருத்தன், அவனச் சொல்லணும். பதிமூணு வயசுக் கழுதைய முப்பத்தஞ்சுன்னு ஒத்துக்கிட்ட அந்தக் கூமுட்டை யாருங்க? உங்க ஆபீசுதானா? விசாரிச்சு சொல்லுங்க."

முப்பத்தஞ்சு என்று எப்படித் தெரியும் என்று இவர் கேட்டார். ஆப்பில் அவள் அக்கவுண்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார் மனைவி. பச்சை அழுத்துகிறபோது நாங்கள் ஒரு வயதையும் தட்ட வேண்டும். அதைத்தான் காட்டும். மனைவி நிறுத்தவில்லை. அவள் என்ன வேஷம் கட்டினாள் தெரியுமா, நீங்கள் அனுப்பின அந்தக் கடுகுக் கலர் சால்வை என்றார்.

நான் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன். ஜோசியர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, விசாரிக்கிறேன் என்றார்.

அவளிடம் நீங்களே நாலு வார்த்தை கேளுங்கள் என்று மனைவி போனை மகளிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். இவர் தொண்டையைச் செருமினார். என்னடா இது என்று ஆரம்பித்தார். பாப்பா ரொம்பத் தணிந்த குரலில் கேட்டாள்.

"அப்பா, கரண்டி அத்தைங்கறது நீங்கதானே?"

கரண்டி அத்தையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஜோசியர் எங்கள் அறையின் சமையல் மூலையில் நின்று, தலையில் துண்டைப் போர்த்தி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, கரண்டியைப் போன் மாதிரி காதில் வைத்துக்கொண்டு தன் மனைவி மாதிரியே பேசுவார். தண்ணீர்க் குழாய், கரண்ட், அண்டை வீட்டுச் சண்டை, எல்லாம் அப்படியே. ஞாயிறு கேட்டது திங்கட்கிழமை அதே ஆப்பில் வந்துவிடும். படம் பிடிப்பது நான்தான். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று தைரியமாக இருந்தோம். வீட்டுக்காரம்மாவுக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது, அந்த ஆப்பும் கிடையாது.

"அம்மா மாதிரியே மூக்க உறிஞ்சிட்டு 'சரி வையுங்க'ன்னு சொல்றது உலகத்துல வேற யாருக்குத் தெரியும்?" என்றாள் பாப்பா. "அம்மாகிட்ட சொல்லட்டுமா, வேணாமா?"

மனைவி திரும்பி வந்ததும் இவர், நன்றாகக் கண்டித்துவிட்டேன், இனி அதைத் திறக்க மாட்டாள், அக்கவுண்ட் அப்படியே கிடக்கட்டும், தொடாமல் இருந்தால் செத்துவிடும் என்று ஒரு கதை விட்டார். அந்த அம்மாவும் நம்பினார். ஆபீஸ்காரர் சொல்கிறாரே.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகள் மாதிரி எங்கள் அறை சந்தோஷமாக இருந்ததில்லை. அப்பனும் மகளும் கூட்டுக் களவாணிகள் ஆகிவிட்டார்கள். அம்மா கடைக்குப் போகிற நேரம் பார்த்து அவளே கூப்பிடுவாள். அம்மா தும்முறதை விட்டுட்டீங்கப்பா, ஒரு தும்மலுக்கு மூணு தடவை கடவுளக் கூப்பிடுவாங்க, அதைப் போடுங்க என்று யோசனை சொல்லுவாள். பள்ளியில் நடந்தது, கணக்கு வாத்தியார் பேன்ட் கிழிந்தது, தோழி ஒருத்தி நாய்க்குட்டியைக் கேமராவுக்குக் காட்டிச் சிவப்பு வாங்கினது, எல்லாம் வரும். அந்த நாய்க்குட்டிக்குச் சிவப்பு அழுத்தினது நான்தான் என்று நானும் இரண்டு வார்த்தை பேசினேன். மாமா நீங்க கரெக்டா அழுத்தினீங்க என்றாள். என்னை ஒருத்தர் மாமா என்று கூப்பிட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

'சால்வை அக்கா' என்று பெயர் வைத்துக்கொண்டு கரண்டி அத்தையின் ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் முதல் கமெண்ட் அவள்தான் போடுவாள். சாப்பாட்டு இடைவேளையில் ஜோசியர் அதையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டுவார். அப்படி ஒரு நாள் வாசித்துக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். போனை என் பக்கம் தள்ளினார்.

நிலாப் படம் வைத்திருந்த ஒருவன் சால்வை அக்காவுக்குப் பதில் போட்டிருந்தான். முதலில் சிரிப்பு. அதற்கடுத்த வீடியோவில், நீங்கள் அக்கா மாதிரித் தெரியவில்லையே என்று. அடுத்ததில், கணக்கு வாத்தியார் ஜோக் எல்லாம் சொல்றீங்க, எந்த ஸ்கூல் பாப்பா? கடைசியாக, பயப்படாதே, யாரிடமும் சொல்ல மாட்டேன், எனக்குச் சின்னப்பிள்ளைகள் என்றால் ரொம்பப் பிரியம், தனியாகப் பேசலாமா? அதற்குப் பாப்பா ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாள். சரி என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

ஜோசியர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டார்.

"இவன் எப்படித் தம்பி உள்ள வந்தான்?"

தெரியவில்லை அண்ணே என்றேன்.

"நாமதான் விட்டிருப்போம். நல்லா கழுத்தப் பாத்து, பச்சைய அழுத்தி விட்டிருப்போம். பெரிய ஆளுதானே அவன், ஒரு சந்தேகமும் இல்லையே."

அன்றைக்குச் சாயங்காலம் வரை அவர் ஒரு கிளிப்புக்கும் விளக்கம் சொல்லவில்லை. என்ன யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். அக்கவுண்டைப் பூட்டினால் பாப்பா மறுபடி மூன்று பதில் பாப்பா ஆகிவிடுவாள். அதுகூட வருமோ வராதோ. பூட்டாவிட்டால் நிலா. நடுவில் கரண்டி வேறு தொங்கிக்கொண்டிருந்தது. பாப்பாவிடம் நைசாகப் பேசிப் பார்க்கலாமே என்றேன். அவ என் மக தம்பி, நைசாப் பேசுறத நான்தான் கத்துக்குடுத்தேன் என்றார்.

ஆபீஸ் விட்டு வந்ததும், ஞாயிறு இல்லாத ஒரு நாளில் முதல்முறையாக வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்தது மனைவி. என்னவோ ஏதோ என்று பதறினார். இவர் எழுந்து நின்றுகொண்டு பேசினார். அந்தக் கூமுட்டை நான்தான் என்றார். ரெண்டு புள்ள, இடுப்பு வலி என்று கணித்ததைக்கூட விடாமல் சொன்னார். பாடம் சொல்லிக்கொடுத்ததும் நான்தான் என்றார். பிறகு கரண்டி அத்தையைப் பற்றிச் சொன்னார். பாப்பா கையில் இருந்த ஆயுதத்தைத் தானே எடுத்துக் கீழே வைத்துவிட்ட மாதிரி. கடைசியாக நிலா விஷயம். அதைச் சொல்கிறபோது மட்டும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"அந்த வீடியோவ அனுப்புங்க," என்றார் அந்த அம்மா. "எல்லாத்தையும்."

"அது வந்து, சும்மா தமாசுக்கு..."

"சரி வையுங்க." மூக்கை உறிஞ்சியது எனக்கே கேட்டது.

மறுநாள் காலையில் ஜோசியர் எங்கள் மேடம் முன்னால் போய் நின்றார். கொடுத்த பச்சையைத் திரும்ப எடுப்பதற்கு மேடம்தான் சாவி போட வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். காரணம் சொன்னார். மேடம் கிளிப்பை ஓடவிட்டுப் பார்த்தார். சால்வை, பெருமூச்சு, அடுப்பைப் பாரு. இது உங்க சொந்தப் பொண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றார். சொந்தப் பொண்ணுக்கா முப்பத்தஞ்சு போட்டீங்க என்று இன்னொரு தடவை கேட்டார். மேடம் சிரிக்காமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பது கண்ணாடிக்கு வெளியே நின்ற எங்களுக்கே தெரிந்தது. அக்கவுண்ட் பூட்டப்பட்டது. நிலாவையும் புகார் எழுதித் தூக்கினார்கள். வேறு படம் வைத்துக்கொண்டு வருவான், அது வேறு கதை. வேலையின் நுணுக்கத்தை வெளியே சொன்னதற்காக ஜோசியரை எங்கள் வரிசையிலிருந்து மாற்றிவிட்டார்கள். மனுஷனா இல்லையா என்று பார்க்கிற மூலைக்கு. பொம்மை, நாய், கடை வாசலில் துணி மாட்டி நிற்கிற சிலை, இதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் வரும். அவர் அளவுக்கு அது அவமானம். அங்கே கழுத்துக்கு வேலையே இல்லை.

அதைவிடப் பெரிய அடி ஞாயிறுதான். போன் போட்டால் எடுப்பார்கள். நல்லா இருக்கோம் என்பார் மனைவி. அண்டை வீட்டுச் சண்டை ஒன்றுகூடக் கிடையாது. சொன்னால் திங்கட்கிழமை ஊர் பார்க்குமே. பாப்பா எங்கே என்றால் இருக்கா என்பார். அவ்வளவுதான். கரண்டி அத்தையை இவரே அழித்துவிட்டார். கரண்டி குழம்பு கிளறப் போய்விட்டது. நான் மடிக்கத் துணி இல்லாமல், மடித்ததையே மடித்துக்கொண்டிருந்தேன். போன் பேசாத ஞாயிறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அது புதுசு.

இப்படிச் சில வாரம் போனது. ஒரு ஞாயிறு, இவர் போடுவதற்கு முன்னால் அங்கிருந்து போன் வந்தது. வீடியோ. ஜோசியர் பதறிப்போய் சட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை, பனியனோடே போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

திரையில் அவர் மனைவி. இடுப்பில் துண்டு. மூக்குக்குக் கீழே கண்மையால் வரைந்த மீசை. காதில் ஒரு தோசைக்கரண்டி. தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படியே இவர் குரலில் ஆரம்பித்தார்.

"பாத்தியா தம்பி, கழுத்தப் பாரு, கழுத்து பேசும். முப்பத்தஞ்சு. ரெண்டு புள்ள. இடுப்பு வலி. நம்மகிட்ட எவனும் ஏமாத்த முடியாது தம்பி."

தம்பி என்கிறபோது இவர் தலையைச் சாய்க்கிற கோணம்கூடத் தப்பவில்லை. நான் கட்டிலிலிருந்து கீழே விழாத குறை. ஜோசியர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வாயைப் பாதி திறந்து வைத்திருந்தார். அந்த அம்மா நிறுத்தவில்லை. தூங்குகிற மாதிரி நடித்தார், குறட்டை விட்டார், குறட்டைக்கு நடுவில் ஒரு பச்சை அழுத்தினார்.

அப்போது கேமராவுக்கு வெளியே எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் மூக்கு வழியாக வந்த சிரிப்பு. படம் ஆடியது. போனைப் பிடித்திருந்ததே அவள்தான்.

ஜோசியர் செம்புக்குக் கிட்டே குனிந்தார். பாப்பா என்று கூப்பிட்டார். சிரிப்பு நின்றது. அவரும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் போய்விடுவாளோ என்று அப்படியே குனிந்தபடி இருந்தார்.

படம் மெதுவாகத் திரும்பியது. நீளமான ஒரு முகம் தெரிந்தது. பல்லெல்லாம் முளைத்து, ஒன்றிரண்டு கோணலாகவும் இருந்தன. இன்னும் கோபம் போகாத மூஞ்சி. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இதே முகத்தைப் பட்டை போட்டுப் பார்த்தவர், இப்போதுதான் கண்ணோடு பார்க்கிறார்.

"அப்பா," என்றாள். "செம்பக் கொஞ்சம் தள்ளி வைங்க. கழுத்து மட்டுந்தான் தெரியுது."

அவர் நகரவில்லை. கழுத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். இடது பக்கம் திரும்பினார். பிறகு வலது பக்கம்.

"எவ்வளவு இருக்கும், சொல்லு பாக்கலாம்?"

பாப்பா அவசரப்படவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கேமராவுக்குக் கிட்டே வந்து, இந்த வேலையே பார்க்கிறவள் மாதிரி ஒழுங்காகப் பார்த்தாள்.

"அறுபத்திரெண்டு," என்றாள். "பச்சை."